உடன்பிறந்த கப்பல்கள்

திருவண்ணாமலை கடல் காணாத ஊர். அங்கு வாழ்வார்க்கு உயரம் என்றால் அண்ணாமலை. பெருமை என்றால் இராசகோபுரம். ஒளி என்றால் கார்த்திகைத் தீபம். அலையின் ஓசையைக் கேட்க விரும்பினால் அவர்கள் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்று புதுச்சேரிக் கரையை அடைதல் வேண்டும். எனினும் கடலுக்கும் அவ்வூருக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவதற்கில்லை. அண்ணாமலையார் கோயிலின் திருப்பணியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரிதும் ஈடுபட்டனர். அவர்தம் செல்வத்திற் பெரும்பகுதி பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வாணிகத்தால் ஈட்டிக் கடல்வழியே கொணர்ந்ததாகும். கடல் கடந்து வந்தது பொருள். அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து சென்றவையோ உயிர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகத்துத் தொழிலாளர் திரள்திரளாகச் சென்றனர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களோடு வடஆர்க்காடு மாவட்டமும் அவர்களை மிகுதியாக அனுப்பிற்று. திருவண்ணாமலை 1989-ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராகும் வரையில் அந்த வடஆர்க்காட்டைச் சேர்ந்தே இருந்தது. மானாவாரி நிலம், பொய்க்கும் மழை, வட்டிக்கு வாங்கிய கடன். இம்மூன்றும் ஒருங்கு கூடிய ஆண்டில் கங்காணி ஊருக்குள் வருவான். கங்காணி என்பவன் தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவன். பெரும்பாலும் அதே வட்டாரத்தில் பிறந்து, முன்னரே அக்கரை சென்று மீண்டவன்.

“கங்காணியாரே, கப்பல் கவிழாதா?” என்று மகனை அனுப்பும் தாய் கேட்பாள். “அம்மா, அது கவிழ்வதற்குத் தோணி அன்று; இரும்பினாற் செய்த ஊர்” என்று அவன் விடை கூறுவான். அவள் பாதி நம்புவாள். பாதி அண்ணாமலையாரிடம் ஒப்படைப்பாள். மகன் திருவண்ணாமலையில் புகைவண்டி ஏறி, விழுப்புரத்தில் வண்டி மாறி, நாகப்பட்டினம் சேர்வான். சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் மலேயா செல்லும் தொழிலாளர்க்கெனத் தங்குமுகாம்கள் இருந்தன. அங்கு மருத்துவர் பார்வையிட்டுத் தகுதி கூறிய பின்னரே கப்பற்பயணம். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணைந்து நிற்பதற்கு மேடை இல்லை. கப்பல் தொலைவிலே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகள் படகிலேறிச் சென்று அதன் பக்கத்தை அணுகி, ஏணி வழியாக மேலேறுதல் வேண்டும். கடலையே அன்றுதான் முதன்முதற் கண்ட உழவனுக்கு, ஆடும் படகிலிருந்து ஆடும் ஏணியில் அடி எடுத்து வைத்த அந்தக் கணமே பயணம் முழுவதிலும் அச்சம் மிக்கதாய் இருந்திருக்கும்.

இவ்வாறு ஏறியவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்கள் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் குழுமத்துக்கு உரியவை. 1856-ஆம் ஆண்டில் தோன்றிய இக்குழுமத்தின் பெயரைத் தமிழ் மாணவர் முன்னரே கேட்டிருப்பர். தூத்துக்குடியில் 1906-ஆம் ஆண்டில் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற்குழுமத்தை நிறுவியபோது அதனை வீழ்த்தக் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது இக்குழுமமே. சிதம்பரனார் சிறையில் வருந்திக்கொண்டிருந்த 1911-ஆம் ஆண்டிலேயே சுதேசிக் குழுமம் கலைந்து போயிற்று. அதன்பின் தமிழன் கடல் கடக்க வேண்டுமாயின் வெள்ளையர் கப்பலையன்றி வேறு கதி இல்லை என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம் துறை, சிங்கப்பூர் என்னும் வழிக்கென்றே இக்குழுமம் 1926-ஆம் ஆண்டில் இரண்டு கப்பல்களைக் கட்டுவித்தது. ஒன்று ரஜூலா, அது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் உருவாயிற்று. மற்றொன்று ரோனா, அது இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் உருவாயிற்று. இந்திய ஊர்களின் பெயரைக் கப்பலுக்கு இடுதல் அக்குழுமத்தின் வழக்கம். ரஜூலா என்பது குஜராத்தில் உள்ளதோர் ஊர். ரோனா என்பது அந்நாளில் பஞ்சாபிலும் இந்நாளில் அரியானாவிலும் அடங்கிய ஒரு சிற்றூர். கடலைக் காணாத ரோனா என்னும் சிற்றூரின் பெயர் கடலிலே மிதந்தது என்பது எண்ணத்தக்கது.

ஒரே அமைப்பில் கட்டப்பெற்ற கப்பல்களை ஆங்கிலேயர் தமக்கை தங்கை என்பர். கப்பலைப் பெண்பாலாகச் சுட்டுவது அவர்தம் மரபு. தமிழில் கப்பல் அஃறிணையே. ஆயினும் தமிழுக்குக் கப்பல் புதியது அன்று. நாவாய், வங்கம், கலம், தோணி, ஓடம் எனப் பல பெயர்கள் நம்மிடம் உண்டு. ‘கப்பல்’ என்னும் நம் சொல்லையே மலாய் மக்கள் ‘காப்பால்’ என்று வழங்குகின்றனர். சொல்லைக் கொடுத்தவர் தமிழர். அச்சொல் குறிக்கும் பொருளிலோ அவர்கள் கட்டணம் கொடுத்து ஏறும் நிலையினர் ஆயினர்.

இரு கப்பல்களும் ஏறக்குறைய எண்ணாயிரத்து ஐந்நூறு டன் அளவின. ஒவ்வொன்றின் நீளமும் 460 அடிக்கு மேற்பட்டது. திருவண்ணாமலை இராசகோபுரத்தின் உயரம் 217 அடி. அத்தகைய கோபுரங்கள் இரண்டைத் தலையும் காலுமாகக் கிடத்தினாலும் அக்கப்பலின் நீளத்தை எட்டா. அறைகளிற் செல்லும் செல்வர் சிலர். எஞ்சியோர் எல்லாரும் தளப்பயணிகள். இக்கப்பல்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப்பயணியரை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தன என்பதைப் படிப்போர் ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நன்று. இவ்வெண்ணைச் சற்றுப் பின்னர் மீண்டும் நினைவு கூர நேரும்.

தளப்பயணிக்கு அறை இல்லை, கட்டில் இல்லை. பாய் விரித்த இடமே அவன் வீடு. முந்தி ஏறியவன் காற்று வரும் இடத்தைப் பிடித்துக்கொள்வான். பிந்தியவன் பொறியறையின் வெப்பம் தாக்கும் இடத்தில் முடங்குவான். தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, நடுவிலே சேலையைக் கட்டித் தட்டியாக்கி, ஒரு குடும்பம் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். அடுத்த பாயில் இருப்பவர் எந்த ஊர், என்ன சாதி என்னும் வினாக்கள் முதல்நாள் எழும். மூன்றாம் நாள் கடற்கொந்தளிப்பில் எல்லாரும் ஒருங்கே தலைசுற்றிக் கிடக்கும்போது அவ்வினாக்கள் தாமே மறையும். ஏறக்குறைய ஒரு வாரம் இவ்வாறு கழிந்தபின் பினாங்குக் குன்றுகள் தோன்றும். கீழ்க்கூடத்தில் வெங்காய மூட்டையும் மிளகாய் மூட்டையும் சென்றன. மேல்தளத்தில் மக்கள் சென்றனர். ஈ.வெ. இராமசாமி 1929 டிசம்பரில் மலேயாச் சுற்றுப்பயணத்துக்குக் கப்பலேறியதும் நாகப்பட்டினத்துத் துறையிலேதான்.

இரப்பர் விலை வீழ்ந்தபோது இக்கப்பல்களே வேலை இழந்தோரைத் திருப்பிக் கொணர்ந்தன. விலை ஏறியபோது மீண்டும் ஏற்றிச் சென்றன. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், உதவிப் பயணம் பெற்றுத் தொழிலாளர் மலேயா செல்வதைத் தடை செய்தது. ஆயினும் சொந்தச் செலவிற் செல்வோர், விடுப்பில் வந்து மீள்வோர், வணிகர், மணமகளாய்ச் செல்வோர் எனக் கப்பலில் கூட்டம் குறையவில்லை.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கிற்று. போருக்கு வேண்டுவன படைக்கலமும் படையும் மட்டும் அல்ல. படையைக் கொண்டு சேர்க்கும் கலமும் வேண்டும். பிரிட்டிஷ் அரசாங்கம் பயணக் கப்பல்களை ஒவ்வொன்றாகத் தன் பணிக்கு எடுத்துக்கொண்டது. ரஜூலாவும் ரோனாவும் அவ்வாறே படையேற்றும் கப்பல்கள் ஆயின. இப்பணிக்கு இவை மிகவும் ஏற்றவை என்பது கண்கூடு. அறைகள் நிறைந்த உல்லாசக் கப்பலில் தடுப்புச் சுவர்களை இடித்தாலன்றிப் படையினர்க்கு இடம் காண்பது அரிது. ஏழை மக்களுக்கெனக் கட்டிய கப்பலிலோ இடிப்பதற்குச் சுவரே இல்லை. பரந்த தளங்களில் உண்பதற்கு மேசைகளை நிறுத்தி, உறங்குவதற்குத் துணித்தூளிகளை மாட்டினால் வேலை முடிந்தது. வெளிப்புறம் சாம்பல் நிறம் பூசப்பெற்றது. வானூர்திகளை எதிர்க்கப் பீரங்கிகள் பொருத்தப்பெற்றன. இரவில் ஒரு விளக்கொளியும் வெளியே தெரியலாகாது என்பது கட்டளை ஆயிற்று. தனித்துச் செல்லாமல், போர்க்கப்பல்கள் காவல்புரியப் பல கப்பல்கள் அணியாய்ச் செல்லும் முறை வந்தது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவின்மேற் பாய்ந்தனர். அம்மாதத்திலேயே பினாங்கு அவர் கையிற்பட்டது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றோடு நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே இருந்த வழி அடைபட்டது. கப்பல் இல்லை, ஆகவே கடிதம் இல்லை, மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பணம் இல்லை. அக்கரையிலே கணவன், இக்கரையிலே மனைவி. அக்கரையிலே பெற்றோர், இக்கரையிலே படிக்க வந்த மகன். இவ்வாறு மூன்றரை ஆண்டுக்கு மேலாகக் குடும்பங்கள் துண்டுபட்டுக் கிடந்தன. அதே காலத்தில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதை போடுவதற்கு ஜப்பானியரால் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையின் ஓரத்தில் நோயாலும் பசியாலும் மாண்ட தமிழர்க்குக் கணக்கு எழுதி வைத்தவர் இலர். வேறு பலர் நேதாஜியின் படையிற் சேர்ந்தனர். ஊரிலிருந்த தாய்க்கு இவற்றுள் எதுவும் தெரியாது. மகன் உழைக்கின்றானா, போரிடுகின்றானா, இறந்தானா என்பதை அறிவிக்க வேண்டிய கப்பலோ எங்கோ தொலைவில் வேற்று நாட்டுப் படையைச் சுமந்து திரிந்தது.

ரோனாவின் முடிவு மத்தியதரைக் கடலில் நேர்ந்தது. 1943 நவம்பர் 25-ஆம் நாள் அது வடஆப்பிரிக்காவில் அல்ஜீரியா நாட்டின் ஓரான் துறையிலிருந்து புறப்பட்டுக் கிழக்கே செல்லும் கப்பலணி ஒன்றிற் சேர்ந்தது. அன்று அமெரிக்கர் கொண்டாடும் நன்றி நாள். கப்பலில் இருந்தவர் ஏறக்குறைய 2,000 அமெரிக்கப் படையினர். சூயசுக் கால்வாய் வழியாக இந்தியாவை அடைந்து, பர்மாப் போர்முனைக்கு உதவும் பணிகளில் ஈடுபட வேண்டியவர் அவர்கள். அவருள் வானூர்தி நிலையம் அமைக்கும் பொறியியற் படைப்பிரிவினரும் இருந்தனர். கப்பலைத் தம் உழைப்பால் இயக்கிய தொழிலாளரோ பெரும்பாலும் இந்தியர். கரை விட்டுப் பல மாதம் அலைந்த அவர்க்கு அந்தப் பயணம் தாய்நாட்டை நோக்கிய பயணம்.

இரண்டாயிரம் பேரை ஏற்றியபோது அக்கப்பல் நெருக்கடியாய் இருந்தது என்று உயிர்தப்பிய அமெரிக்கர் பிற்காலத்திற் கூறினர். அவர் கூறியது மெய்யே. ஆனால் அமைதிக் காலத்திலே இதே தளங்களில் ஐயாயிரம் தமிழரை ஏற்றலாம் என்று உரிமம் வழங்கப்பட்டிருந்தது அன்றோ! அளவுகோல் ஒன்றே, அளக்கப்பட்ட மனிதர் வேறு. கட்டில் இல்லாப் பயணியரை ஏற்றும் கீழ்நாட்டுக் கப்பல்களுக்கென 1931-ஆம் ஆண்டில் சிம்லாவில் தனி விதிகளே வகுக்கப்பட்டன. மேலைநாட்டுப் பயணியர் கப்பல்களுக்கு உரிய பாதுகாப்பு விதிகளிலிருந்து அவை தளர்வுகள் அளித்தன. மனித உயிரின் விலையைச் சட்டமே இரண்டாக எழுதிய காலம் அது.

மறுநாள், நவம்பர் 26. பிற்பகலில் ஜெர்மானிய வானூர்திகள் கப்பலணியைத் தாக்கின. மாலை ஐந்து மணி கடந்த வேளையில், ஹைங்கல் வகை வானூர்தி ஒன்றிலிருந்து விடப்பட்ட குண்டு ரோனாவின் இடப்பக்கத்தைத் துளைத்தது. அது பிறகுண்டுகளைப் போலக் குறி பார்த்து வீழ்த்திவிட்டுக் கைவிடப்படும் குண்டு அன்று. அதற்குச் சிறகுகள் உண்டு. உந்திச் செல்ல ஏவுகணைப் பொறி உண்டு. வாலில் ஒளிரும் சுடர் உண்டு. வானூர்தியில் இருப்பவன் அச்சுடரைக் கண்ணாற் பின்பற்றிக்கொண்டே வானொலி அலையினால் குண்டைத் திருப்பித் திருப்பி இலக்கிற் சேர்ப்பான். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் ஜெர்மானியர் இப்படைக்கலத்தை முதன்முதலாகப் போரிற் பயன்படுத்தினர். பிற்காலத்தில் உலகை அச்சுறுத்திய ஏவுகணைகளின் முன்னோடிகளுள் ஒன்று, நாகப்பட்டினத்து உழவர் பாய் விரித்துப் படுத்த கப்பலின்மேல் வந்து வீழ்ந்தது.

குண்டு பொறியறைப் பகுதியில் வெடித்தது. விளக்குகள் அணைந்தன, நீரிறைக்கும் கருவிகள் நின்றன, தீ பரவிற்று. கப்பலில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. அவற்றுட் பல வெடியிலேயே சிதைந்தன. கடலில் இறக்கப்பெற்றவை எட்டே. அவற்றிலும் பல, அளவுக்கு மேற்பட்டோர் ஏறியதால் நீர் நிறைந்து கவிழ்ந்தன. ஞாயிறு மறைந்து இருள் கவிந்தது. அலை மலைபோல் எழுந்தது. நவம்பர் மாதக் கடல்நீர் எலும்பை உறைவிக்கும் குளிர் உடையது. கடலிற் குதித்தவர் மிதவைகளைப் பற்றிக்கொண்டு ஒருவர் கண்முன் ஒருவர் கைசோர்ந்து மூழ்கினர். ஒன்றரை மணி நேரத்தில் ரோனா அடியோடு அமிழ்ந்தது.

எதிரி வானூர்திகள் இன்னும் சூழ்ந்திருக்கலாம் என்னும் நிலையிலும், கப்பலை நிறுத்தி உயிர்காத்தவர்களை இவ்விடத்து மறத்தலாகாது. பயனியர் என்னும் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் சிறியது. அது இருளிலே தேடித் தேடி 606 பேரைக் கரையேற்றியது. கிளான் காம்ப்பெல் என்னும் பிரிட்டிஷ் வாணிகக் கப்பலும் வேறு சிலவும் இயன்றவரை மீட்டன. எனினும் அன்றைய நிகழ்ச்சியில் அழிந்தோர் 1,100 பேருக்கு மேற்பட்டவர். அவருள் 1,015 பேர் அமெரிக்கர். பகைவர் தாக்குதலால் அமெரிக்கப் படையினர் ஒரே கப்பலோடு கடலில் இத்துணைப் பேர் மாண்டது அப்போரில் வேறெங்கும் இல்லை. கப்பல் தொழிலாளர் 200 பேருக்கும் குறைவே. அவருள் நூற்றுக்கு மேற்பட்டவர், அஃதாவது பாதிக்கு மேற்பட்டவர், மாண்டனர்.

படகுகளை இறக்கக் கப்பல் தொழிலாளர் உதவவில்லை என்று அமெரிக்கர் சிலர் பிற்காலத்திற் குறை கூறினர். துருப்பிடித்த இறக்குகருவிகளைப் பற்றியும் குறை கூறினர். பொறியறைப் பகுதியிலே குண்டு வெடித்த கப்பலில், அங்குப் பணியாற்றியவர் முதலிலேயே இறந்தனர் என்பதையும், எஞ்சியோருக்கும் படையினர்க்கும் மொழி பொதுவன்று என்பதையும் அக்குறை கூறுவார் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம்முட் பாதிக்கு மேற்பட்டவரை இழந்தோர் எவரோ, அவர் தம்மை மட்டும் காத்துக்கொண்டார் என்றல் பொருந்துமாறு இல்லை.

கப்பல் தொழிலாளரை அந்நாளில் ‘லஸ்கர்’ என்பர். இது பாரசீக மொழியில் ‘படை’ என்னும் பொருளுடைய சொல்லின் வழி வந்தது. பெயரிலே படை, ஊதியத்திலே கூலி. ஒரே கப்பலில் ஒரே வேலை செய்யும் வெள்ளை மாலுமிக்குக் கிடைத்ததிற் சிறுபகுதியே இவர்க்குக் கிடைத்தது. 1939-ஆம் ஆண்டு போர் தொடங்கியவுடனே ஊதிய உயர்வு வேண்டிப் பிரிட்டிஷ் துறைமுகங்களில் இவர்கள் வேலை நிறுத்தம் செய்தனர், பலர் சிறைப்பட்டனர். எனினும் போர் முழுவதும் கப்பல்கள் ஓடின. கரி தள்ளிய கைகள் இவருடையவே.

ரோனா அமிழ்ந்த செய்தி நெடுநாள் வெளிவரவில்லை. வானொலியால் இயங்கும் குண்டு எத்துணை வலிமையுடையது என்பதைப் பகைவர் அறிந்துகொள்வர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். உயிர்தப்பியவர் வாய்திறவாதிருக்கக் கட்டளை பெற்றனர். இறந்தோர் பெற்றோர்க்குப் ‘போரிற் காணாமற் போனார்’ என்னும் ஒரு வரித் தந்தி சென்றது. 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெயர் கூறாத ஒரு கப்பல் அமிழ்ந்து ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர் என்ற அளவில் அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. போர் முடிந்த பின்னரும் இந்நிகழ்ச்சி வரலாற்று நூல்களில் இடம்பெறாமலே இருந்தது. 1990-களில்தான் உயிர்தப்பியோரும் இறந்தோரின் உறவினரும் ஒன்றுகூடி உண்மையை உலகறியச் செய்தனர். அலபாமா மாநிலத்தில் நினைவுக்கல் எழுந்தது; 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை அவர்களைப் போற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்தாயினும் மகனுக்கு நேர்ந்தது இன்னதென்று ஒரு குடும்பத்துக்குக் கூறுவது கடமை என்பதை அந்நாடு ஒப்புக்கொண்டது.

இனி ரஜூலாவின் வரலாறு. ரோனாவோடு ஒரே ஆண்டிற் பிறந்து, அதனோடு ஒரே பணிக்கு அனுப்பப்பட்ட ரஜூலா போர்க்களம் கடந்து உயிரோடு மீண்டது. பீரங்கிகள் கழற்றப்பட்டன; சாம்பல் நிறம் போயிற்று; சென்னையும் நாகப்பட்டினமும் பினாங்கும் சிங்கப்பூரும் மீண்டும் அதன் துறைகள் ஆயின. போருக்குப் பிந்திய அப்பயணங்களைப் போல ஆவலும் அச்சமும் கலந்த பயணங்கள் முன்னர் நிகழ்ந்திரா. இறங்குவோர் முகங்களை ஒவ்வொன்றாக நோக்கிக் கரையில் நின்றவர் பலர். கணவனைக் கண்டவள் அழுதாள், காணாதவளும் அழுதாள், அடுத்த கப்பலில் வருவான் என்று ஒருவர் கூற, அவள் அடுத்த கப்பலுக்கும் வந்து நின்றாள். ஜப்பானியர் ஆட்சியில் மகன் இன்ன இடத்திற்குச் சென்றான் என்பதை உடன்சென்று மீண்ட ஒருவன் வாய்மொழியாகக் கூறினால் உண்டு; இன்றேல் அதுவும் இல்லை. அரசாங்கத் தந்தி எதுவும் அவ்வீடுகளுக்கு வரவில்லை.

அதன்பின் ரஜூலா கால்நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்தது. 1953-ஆம் ஆண்டு முதல் மலேயாவிற் குடியேறுவதற்குக் கட்டுப்பாடுகள் மிகுந்தன. 1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றது. 1969-ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டுப் பெறுதல் வேண்டும் என்னும் விதி வந்தபோது, மலேயாவிலேயே பிறந்து, தமிழகத்தை ஒருநாளும் கண்டிராத முதியோரும்கூடக் கப்பலேறிப் பெற்றோரின் ஊரைத் தேடி வந்தனர். தந்தையை இளைஞனாக ஏற்றிச் சென்ற அதே கப்பல், மகனை நரைத்த தலையோடு திருப்பிக் கொணர்ந்தது. அக்கரைக்கும் இக்கரைக்கும் மக்களைச் சுமந்தே ரஜூலா மூப்படைந்தது. தமிழரிடையே அப்பெயர் ஒரு கப்பலின் பெயராக மட்டும் இல்லாமல், மலேயாப் பயணத்துக்கே மறுபெயராக வழங்கிற்று.

1973-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாக் குழுமம் அதனை இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்றது. சுதேசிக் கப்பலை வீழ்த்திய குழுமத்தின் கலம் முடிவில் சுதந்தர இந்தியாவின் உடைமையாயிற்று. அந்தமானில் உள்ளதோர் ஊரின் பெயரால் அது ‘ரங்கத்’ எனப் பெயர் மாறியது. பழைய வழியிற் பிரெஞ்சு நாட்டில் 1966-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய வேறொரு கப்பல் இந்தியக் கொடியோடு ஓடிற்று. அதன் பெயர் ‘சிதம்பரம்’. அப்பெயரைக் கேட்ட தமிழர்க்குத் தூத்துக்குடிச் சிதம்பரனார் நினைவுக்கு வந்திருந்தால் வியப்பில்லை. 1985 பிப்ரவரியில் அக்கப்பல் தீக்கிரையாகிப் பலர் மாண்டதோடு அந்தப் பயணவழியும் நின்றுபோயிற்று. இன்று திருவண்ணாமலையிலிருந்து புறப்படுபவர் சென்னையில் வானூர்தி ஏறி நான்கு மணி நேரத்திற் கோலாலம்பூரில் இறங்குகின்றார்.

ரங்கத் என்னும் பெயரோடு ரஜூலா நீண்டநாள் வாழவில்லை. 1974-ஆம் ஆண்டில் பம்பாயிற் கொண்டு நிறுத்தி அதனை உடைத்தனர். இரும்பு எடைக்கு எடை விற்கப்பட்டது. அதே பம்பாய் நகரத்தில், மசூதி பந்தரை அடுத்த இந்திய மாலுமியர் இல்லத்தில், இரண்டாம் உலகப்போரில் கடலையன்றி வேறு கல்லறை இல்லாது மாண்ட இந்திய மாலுமியர்க்கு ஒரு நினைவகம் உண்டு. அவர்கள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர் ஆதலின், பெயர்களைச் சுவரிற் பொறிக்காமல் ஏட்டில் எழுதி வைத்துள்ளனர். அவ்வேட்டின் மற்றொரு படி சிட்டகாங் நகரத்தில் இருக்கின்றது. ரோனாவோடு அமிழ்ந்த மாலுமியரின் பெயர்கள் அவ்விரு ஏடுகளிலும் உள்ளன.